நண்பருடன் சாப்பிட: உணவங்காடியா, காப்பிக்கடையா, பிராட்டா கடையா?

சிங்கப்பூரில் ஒரு நண்பரைப் பார்த்து, அதிகம் செலவழிக்காமல் சாப்பிட்டுக்கொண்டே நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் மூன்று இடங்கள் இருக்கின்றன. சிறு சிறு உணவுக் கடைகள் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் உணவங்காடி நிலையம், அடுக்குமாடி வீட்டு புளோக்குக்குக் கீழே சில உணவுக் கடைகளும் ஒரு பானக் கடையும் சேர்ந்திருக்கும் காப்பிக்கடை, ராத்திரி முழுக்க விளக்கெரியும் பிராட்டா (சிங்கப்பூர்ப் பரோட்டா) கடை. கடைத்தொகுதிகளில் உள்ள குளிர்சாதன உணவகங்களை நான் ஆட்டத்திலேயே சேர்க்கவில்லை. 10% சேவைக் கட்டணம், அதற்கு மேல் 9% ஜிஎஸ்டி என்று 40 வெள்ளிச் (சிங்கப்பூர் டாலர்) சாப்பாடு கிட்டத்தட்ட 48 வெள்ளியாகிவிடும்.

எனக்கு வழக்கமாகத் துணைக்கு வருபவர் மலாய்க்காரர், ஹலால் மட்டும்தான் சாப்பிடுவார். எனக்கு வெள்ளிக்கிழமை சைவம். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துத்தான் கீழே சொல்வதெல்லாம். உங்கள் கூட்டணி வேறு மாதிரி என்றால் தீர்ப்பும் மாறும்.

ருசி என்று பார்த்தால் உணவங்காடி நிலையத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. தெருவோரத்தில் விற்றுக்கொண்டிருந்தவர்களைக் குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் வசதியும் உள்ள ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவர 1970களில் மும்முரமாகக் கட்டியவை இவை. இன்று தீவு முழுக்க 120க்கு மேல் இருக்கின்றன. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலிலும் இடம் கிடைத்தது. ஒரே பதார்த்தத்தை முப்பது நாற்பது வருடமாகச் செய்துகொண்டிருக்கும் கைகள் அங்கே இருக்கின்றன, அது தட்டில் தெரியும். கோழிச்சோற்றுக் கடையில் கோழியைவிடச் சோற்றைக் கவனியுங்கள். கோழிக் கொழுப்பும் இஞ்சியும் பூண்டும் ஊறி, ஒவ்வொரு பருக்கையும் மினுங்கும். நல்ல கடை எது, சுமாரான கடை எது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஆனால் இருவராகப் போனால் ஒரு சிக்கல். முதலில் மேசை பிடிக்க வேண்டும். டிஷ்யூ பொட்டலத்தைப் போட்டு இடம் பிடிப்பது ஊர் வழக்கம், யாரும் அதைத் தொட மாட்டார்கள். அப்புறம் ஆளுக்கொரு வரிசை. அவருடைய மீ ரெபுஸ் (கெட்டிக் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) ஐந்து நிமிடத்தில் வந்துவிடும், என் வரிசை நகரவே நகராது. நான் தட்டோடு வரும்போது அவர் பாதி முடித்திருப்பார். எனக்காகக் காத்திருந்தால் அவருடையது ஆறிப்போயிருக்கும். மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை அலுவலகக் கூட்டம் வேறு. முதுகுக்குப் பின்னால் தட்டோடு ஒருவர் நிற்கும்போது மனம்விட்டு என்ன பேச முடியும்? சாப்பிட்டதும் தட்டை நாமேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து அது கட்டாயம். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு இருக்கும், மாற்றி வைத்துவிடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை என்றால் எனக்குச் சீனர்களின் சைவ பீ ஹூன் (அரிசிச் சேமியா) கடை போதும். மதியத்துக்குள் மூடிவிடுவார்கள். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. அன்று பலருக்குச் சைவம் என்பதால் வரிசை நீளும்.

உணவங்காடியிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. கோல்டன் மைல் உணவங்காடியின் சூப் துலாங். ஆட்டெலும்பை ரத்தச் சிவப்பான குழம்பில் போட்டுக் கொடுப்பார்கள். ஸ்ட்ரா வைத்து மஜ்ஜையை உறிஞ்ச வேண்டும், வராவிட்டால் எலும்பைத் தட்டில் தட்ட வேண்டும். விரல் முட்டி வரைக்கும் சிவப்பு. கைப்பேசியைத் தொடவே முடியாது என்பதால் பேச்சும் நன்றாக ஓடும். நெருங்கிய நண்பரோடு மட்டும் போங்கள், அலுவலக மேலாளரோடு வேண்டாம்.

காப்பிக்கடையைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. வீட்டுக்குப் பக்கம், காப்பி நன்றாக இருக்கும், பல கடைகளில் பானக் கடைக்காரரே மேசைக்கு வந்து கேட்டுக்கொண்டு போவார். மாலையில் சீ சார் (கேட்டதும் சுடச்சுடச் சமைத்துத் தரும் சீன உணவு) அடுப்பு பற்றிக்கொண்டால் காங்கோங் கீரையும் இறால் விழுதில் ஊறிய கோழியும் அருமை. ஆனால் அது நான்கு பேர் பங்கிட்டுச் சாப்பிடும் சாப்பாடு. இருவர் மூன்று தட்டு வாங்கினால் எளிதாக 40 வெள்ளி ஆகும், மிச்சமும் ஆகும். பெரும்பாலும் ஹலாலும் கிடையாது. அதனால் என் நண்பருக்கு மூலையில் இருக்கும் முஸ்லிம் உணவுக் கடை ஒன்றுதான் கதி. பீர் குடிக்கும் நண்பர் உங்களுக்கு இருந்தால் காப்பிக்கடைக்கு இன்னும் நிறைய மதிப்பெண் போடுவீர்கள்.

பிராட்டா கடைக்கு வருவோம். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் முதலில் கொஞ்சம் ஏமாறுவார்கள். நம்மூர்ப் பரோட்டாவின் கனம் இருக்காது, சால்னாவும் இருக்காது. எண்ணெய் தடவிய மாவு உருண்டையைக் கண்ணாடிபோல் வீசி விரித்து, நாலாபக்கமும் மடித்துக் கல்லில் போடுவார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே மெத்தென்று இருக்கும். தொட்டுக்கொள்ள மீன் குழம்போ பருப்புக் குழம்போ வரும். என் நண்பர் கடைசிப் பிராட்டாவுக்கு மட்டும் சீனி கேட்பார். அதை நான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை என்றால் எனக்குக் கொஞ்சம் யோசனைதான், முட்டை பிராட்டாவும் அதே கல்லில்தான் வேகிறது. அன்று தோசை சொல்லிவிடுவேன். அதற்குப் பல கடைகளில் தனிக்கல் இருக்கிறது.

ருசியில் ஒரு நல்ல உணவங்காடிக் கடையோடு இது போட்டி போட முடியாது. உண்மையைச் சொன்னால், நிறைய பிராட்டா கடைகளில் மெனு அட்டை நீளமே தவிர, பிராட்டாவையும் தேநீரையும் தாண்டினால் மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸிலிருந்து தோம் யாம் என்ற தாய்லாந்துப் புளிப்பு சூப் வரை எல்லாம் ஒரே மாதிரி சிவப்பாக, ஒரே மாதிரி இனிப்பாக வரும். ஆனாலும் எங்கள் இருவருக்கும் இதுதான் முதலிடம். "வாங்கண்ணே, என்ன சாப்பிடுறீங்க?" என்று மேசைக்கே வந்து கேட்கிறார்கள். இருவர் தட்டும் ஒன்றாக வருகிறது. பெரும்பாலும் அவர்களே எடுத்துக்கொண்டும் போகிறார்கள். ஆளுக்கு இரண்டு பிராட்டா, ஒரு தே தாரிக் (நுரைக்க ஆற்றிய பால் தேநீர்) என்று முடித்துக்கொண்டால் இருவருக்கும் 15 வெள்ளிக்குள் அடங்கும். இரவு பதினொரு மணிக்கு இன்னொரு தே ஹாலியா (இஞ்சித் தேநீர்) சொன்னால் அரை மணி நேர வாடகை கட்டிய மாதிரி, யாரும் கிளப்ப மாட்டார்கள்.

ஆக, வேலை நாள் இரவு பேச வேண்டியது நிறைய இருந்தால் பிராட்டா கடை. பேச்சு குறைவு, பசி அதிகம் என்றால் உணவங்காடி. கேலாங் சிராய் உணவங்காடி அவருக்குப் பிடிக்கும், அங்கே பெரும்பாலும் மலாய், இந்திய முஸ்லிம் கடைகள்தான். நான் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா உணவங்காடி பக்கம் இழுப்பேன். எங்கே போனாலும் சனி, ஞாயிறில் காலை பதினொரு மணிக்கு முன்பே போய்விடுங்கள். திங்கள்கிழமை வேண்டவே வேண்டாம், பல கடைக்காரர்களுக்கு அன்றுதான் ஓய்வு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை துப்புரவுக்காக நிலையத்தையே மூடுவார்கள், அந்தத் தேதியையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.