குட்டை முடிப் பூனையா, நீள முடிப் பூனையா?

முடி வளர்ச்சியை நிறுத்தச் சொல்வது எஃப்ஜிஎஃப்5 மரபணு. அது பழுதானால் முடி நீளும். நாய், அங்கோரா முயலிலும் இதே கதைதான்.

மரபு
குட்டை: ஓங்கு பண்பு. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் இரண்டு மரபணு நகல்களில் ஒன்று நல்லதாக இருந்தால் போதும். ஆனால் உள்ளே நீளம் ஒளிந்திருக்கலாம். அப்படிப்பட்ட இரண்டு பூனைகள் சேர்ந்தால், ஒவ்வொரு குட்டியும் நீள முடியோடு பிறக்க நாலில் ஒரு வாய்ப்பு. தாய்ப்பூனையைச் சந்தேகிக்காதீர்கள்!
நீளம்: ஒடுங்கு பண்பு. இரு நகலும் பழுது. பெற்றோர் இருவரும் நீளமென்றால் குட்டிகளும் நீளமே.

பராமரிப்பு
குட்டை: வாரம் ஒருமுறை சீப்பு.
நீளம்: தினமும். காதுக்குப் பின்னாலும் அக்குளிலும்தான் சிக்கு விழும்.

முடி உதிர்வு
இரண்டும் உதிர்க்கும்.

நேரமில்லாதவர்களுக்குக் குட்டைதான். குட்டிகளின் முடி நீளம் முன்கூட்டியே தெரிய வேண்டுமென்றால் நீள முடி ஜோடி; குட்டையை இனப்பெருக்கத்துக்கு எடுத்தால் மரபணுச் சோதனை செய்துவிடுங்கள்.