ஃபேமிலிசர்ச்: ஸ்கடர் குடும்பத்தைத் தேடியபோது

வேலூர் சிஎம்சியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் தாத்தா டாக்டர் ஜான், பாட்டி ஹாரியட். நியூயார்க்கில் நன்றாக நடந்த தொழிலை விட்டுவிட்டு 1819-ல் கப்பலேறி, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்து, 1836-ல் சென்னைக்கு வந்தவர்கள், பிள்ளைகளில் ஏழு பேர் இந்தியாவில் மிஷனரிகள். எனக்கு ரொம்பப் பிடித்த குடும்பம் இது.

இவர்களைத் தேட, முன்னோர்களின் பழைய பதிவுகளைப் பார்க்க உதவும் ஃபேமிலிசர்ச் இணையதளம் அருமை. கணக்குத் தொடங்கினால் போதும், காசு கிடையாது. பழைய பதிவேட்டுப் பக்கத்தைப் பெரிதாக்கி, சாய்ந்த மை எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது சிலிர்க்கிறது.

ஒன்று மட்டும் கவனியுங்கள், அங்கே குடும்ப மரம் பொது, யாரும் திருத்தலாம். ஐடாவின் அப்பாவும் ஜான்தான், அவரும் டாக்டர்தான், அதனால் பிறந்த வருஷத்தைப் பார்க்காமல் எதையும் குறித்துக்கொள்ளாதீர்கள்.