கப்பல் பட்டியலில் ஒரு சின்னசாமி: டர்பனில் ஐந்து வருடம் வேர் தேடிய அனுபவம்

2020 மார்ச் 27 அன்று தென்னாப்பிரிக்காவை மூடினார்கள். மூன்றாவது வாரம், சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார் திடீரென்று கேட்டார்: “நீ வேலூர் பக்கம்தானே? எங்க தாத்தாவும் அந்தப் பக்கம்னு அப்பா சொல்வார். எந்த ஊருன்னு கண்டுபிடிச்சுத் தர முடியுமா?”

ஊரடங்கு முடிவதற்குள் முடித்துவிடலாம் என்று தலையாட்டினேன். ஐந்து வருடம் ஓடிவிட்டது. இப்போது டர்பன் பக்கத்து ஊர்களான சாட்ஸ்வொர்த், வெருலத்திலிருந்தெல்லாம் யாராவது கூப்பிட்டு “எங்கே ஆரம்பிப்பது?” என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. எது உதவியது, எது நாளைத் தின்றது என்று ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. கல்யாணமாகி டர்பன் வந்தவள் நான். கணவர் வீட்டில் யாருக்கும் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. மா (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுகிறேன்) பேசுவது சமையலறைத் தமிழும் கோயில் தமிழும். ஆனால் ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பதில் எங்கள் ஊர்க்காரர்கள் அவரிடம் பாடம் கேட்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் நேட்டால்காரர்கள் (டர்பன் இருக்கும் பகுதிக்கு ஆங்கிலேயர் காலத்துப் பெயர் நேட்டால்) கொடுத்து வைத்தவர்கள். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் 342 பேரோடு வந்து சேர்ந்ததிலிருந்து, 1911 ஜூலையில் உம்லாசி கடைசி ஆட்களை இறக்கியது வரை, ஒப்பந்தக் கூலிகளாக வந்த 1,52,184 பேரையும் கப்பல் வாரியாகப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம், எந்தத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள் என்பது வரை கட்டம் கட்டமாக இருக்கும். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுதூலி ஆவண மையத்தில் இந்தப் பட்டியல்களைப் பார்க்கலாம். கைக்காசு போட்டு டிக்கெட் எடுத்து வந்த வியாபாரிகள் இதில் இருக்க மாட்டார்கள். அவர்களுடைய பேரன்கள் வேறு வழி பார்க்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும் முதல் ஒன்றரை வருடம் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. காரணம், நான் பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

தாத்தா பெயர் சின்னசாமி. வட ஆற்காட்டிலிருந்து போன கப்பலில் சின்னசாமியைத் தேடுவது திருவண்ணாமலை தீபத்தன்று மஞ்சள் புடவை கட்டிய அம்மாவைத் தேடுவது மாதிரி. அதிலும் குமாஸ்தா எழுதிய ஆங்கில எழுத்து இருக்கிறதே! நம் ‘ச’வுக்கு அவர்களிடம் மூன்று நான்கு வழி. முனுசாமி மூன்சாமி ஆவார், கவுண்டர் கோவெண்டர் ஆவார், முதலியார் மூட்லி ஆவார். ‘ழ’ வந்தாலோ கேட்கவே வேண்டாம். பழனி என்ற பெயரை ஐந்து விதமாக நானே பார்த்திருக்கிறேன். இது போதாதென்று நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இங்கே வந்தபின் ஒரு மகன் தகப்பன் பெயரைப் பின்னால் போட்டுக்கொள்ள, இன்னொரு மகன் சாதிப் பட்டத்தைப் போட்டுக்கொள்ள, கூடப் பிறந்தவர்களே காகிதத்தில் வேறு வேறு குடும்பமாகிவிடுவார்கள்.

உதவி கேட்டதிலும் சொதப்பினேன். பரம்பரை தேடுகிற நாலைந்து பேரைத் தெரிந்தவர்கள் மூலம் பிடித்து, “சின்னசாமி, வேலூர் பக்கம், கரும்புத் தோட்டம், தயவுசெய்து உதவுங்கள்” என்று எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை. அப்போது கோபம் வந்தது. இப்போது எனக்கே அப்படிக் கடிதங்கள் வருகின்றன. பதில் எழுத என்ன இருக்கிறது என்று புரிகிறது.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் மட்டும் கூப்பிட்டுப் பேசினார். வெருலத்துக்காரர், முப்பது வருடமாக இதே வேலை. “கப்பலில் ஏறினவரைத் தேடாதேம்மா. செத்துப்போனவரைத் தேடு. அங்கிருந்து பின்னால் நட. கடைசியில் உனக்கு வேண்டியது பெயர் இல்லை, நம்பர்” என்றார். வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுத்திருக்கிறார்கள். சம்பளத்திலிருந்து பிள்ளை பிறப்பு வரை எல்லாக் காகிதத்திலும் அந்த எண்தான் ஆள். பெயர் எப்படி வேண்டுமானாலும் சிதையட்டும், எண் சிதையாது. இந்த ஒரு பேச்சு எனக்கு ஒன்றரை வருடத்துக்குச் சமம்.

சரி, செத்துப்போனவரை எங்கே தேடுவது? மார்மன் என்ற கிறிஸ்தவ சபையினர் நடத்தும் ஃபேமிலிசர்ச் தளத்தில் கணக்குத் திறந்தால் போதும், காசு கிடையாது. நேட்டாலின் தலைநகரான பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின், இறந்தவர்களுடைய சொத்துக் கோப்புகள் 1950 வரை அதில் இருக்கின்றன. சில படங்களை வீட்டிலிருந்து திறக்க முடியாது, அவர்களுடைய மையத்துக்கு நேரில் போக வேண்டும். அதைத் தவிர எனக்குக் குறை இல்லை. தேசிய ஆவணக் காப்பகத்தின் தேடுபொறியான நேய்ர்ஸையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கப் பழைய காலத்துப் பெட்டி மாதிரி இருக்கும். கோப்பைக் காட்டாது, கோப்பின் எண்ணை மட்டும் சொல்லும். ஆனால் ஒப்பந்தக் கூலிகளைக் கவனிக்க இருந்த அரசு அலுவலகமான இந்தியக் குடியேறிகளின் காப்பாளர் அலுவலகத்துக்கு நம் ஆட்கள் கொடுத்த மனுக்கள், புகார்கள் பற்றிய குறிப்புகளை நான் பிடித்தது அதில்தான்.

1948-இல் இறந்த தாத்தாவின் மரண அறிவிப்புப் படிவம் ஃபேமிலிசர்ச்சில் கிடைத்தது. அச்சடித்த கேள்விகள், மையில் பதில்கள். பிறந்த இடம்: இந்தியா. அவ்வளவுதான், ஊர் இல்லை. பெற்றோர் பெயர்: தெரியாது. நெஞ்சு இறங்கிப்போயிற்று. சாவு வீட்டில் யார் பக்கத்தில் இருந்தார்களோ அவர்கள் சொன்னதைத்தான் எழுதுவார்கள். இதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் படிவத்தின் கீழே, தகவல் கொடுத்தவர் கையெழுத்து இருக்கும் இடத்தில், நடுங்கும் தமிழில் “ஆறுமுகம்” என்று இருந்தது. ‘று’வின் சுழி மட்டும் கொஞ்சம் பெரிது. மாவின் பெரியப்பா. இந்தக் குடும்பத்தில் தமிழ் எழுதத் தெரிந்த கடைசி ஆள். மாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, “இது என்ன எழுத்து, நீ படி” என்றார். படித்தேன்.

பெரியப்பா பெயர் கிடைத்ததும் அவருடைய பிறப்புச் சான்றிதழைத் தேடும் வேட்டை தொடங்கியது. ஒப்பந்தக்காரர்களின் பிள்ளைகளைப் பதியும்போது தாய் தகப்பன் இருவர் எண்ணையும் எழுதுவார்கள். காகிதம் ஒரு சித்தப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. 2022 ஏப்ரலில் டர்பனில் வெள்ளம் வந்ததே, அதில் அந்தப் பெட்டியும் நனைந்துவிட்டது. ஒவ்வொரு தாளாகப் பிரித்து, பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து உலர்த்தினோம். தாத்தாவின் ஐந்து இலக்க எண்ணில் இரண்டாவது இலக்கம் மட்டும் ஊறிப்போய், மூன்றா எட்டா என்று தெரியவில்லை.

மறுபடி ஆசிரியரைக் கூப்பிட்டேன். “இரண்டையும் பார்த்துவிடு” என்றார், சாதாரணமாக. எண்கள் கப்பல் வாரியாக வரிசையாகப் போகும். ஓர் எண் கல்கத்தாவிலிருந்து வந்த கப்பலில் விழுந்தது. அதில் இருந்தவர் பீகார்ப் பெண். இன்னொன்று மதராஸ் கப்பல். வயது பத்தொன்பது, வட ஆற்காடு, போளூர் தாலுகா. பெயர் கட்டத்தில் இருந்ததைச் சின்னசாமி என்று வாசிக்கத் தமிழ்க் காது வேண்டும். அடையாளம்: இடது முழந்தாளுக்குக் கீழே தழும்பு. மாவிடம் கேட்டேன். “தாத்தா எப்பவும் காக்கி கால்சட்டை போட்டிருப்பார். காலை யார் பார்த்தா?” என்றார்.

கிராமத்தின் பெயரில்தான் என் வேலூர்த்தனம் உதவியது. ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே உச்சரித்தால் ‘கல்ஸபாகம்’. வரைபடத்தில் எங்கும் கிடைக்காது. போளூர் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு ஒரு நொடிகூட ஆகாது: கலசப்பாக்கம். பட்டியலில் பழைய ஜில்லாவைப் பார்த்துவிட்டு இன்றைய மாவட்டத்தில் தேடாதீர்கள். அன்றைய வட ஆற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை என்று சிதறிக் கிடக்கிறது; 1911-இல் பிரிந்த சித்தூர் இப்போது ஆந்திராவில். “நாங்க தமிழ்தான், பட்டியல்ல ஆந்திரா ஊர் வருதே” என்று குழம்புகிறவர்களுக்குப் பாதி நேரம் இதுதான் பதில்.

சாதிக் கட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தாத்தா இங்கே வைத்துக்கொண்ட பட்டம் ஒன்று. கப்பலேறும்போது குமாஸ்தா எழுதியது வேறு. இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல. கடல் தாண்டி வந்தவர்கள் புதுப் பட்டம் சூட்டிக்கொண்டதும் உண்டு, குமாஸ்தா வாய்க்கு வந்ததை எழுதியதும் உண்டு. ஆனால் ஒரு குடும்பத்துக்கு இதை எப்படிச் சொல்வது என்று எந்தத் தளமும் கற்றுத் தராது. ஒரு நாத்தனார் இன்று வரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. மா மட்டும், “அவர் என்னவா வந்தாரோ, அஞ்சு வருஷம் கரும்பு வெட்டினார். அதை எழுது” என்றார். கட்டத்தில் இருந்ததை இங்கே எழுத வேண்டாம் என்றும் அவரே சொன்னார், எழுதவில்லை.

மரபணுப் பரிசோதனை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். எச்சில் துப்புவதற்கு முன் அரை மணி நேரம் ஒன்றும் சாப்பிடக்கூடாது, குடிக்கக்கூடாது. மா அந்த அரை மணியில் மூன்று முறை டீ கேட்டார். வாரக்கணக்கில் காத்திருந்து வந்த முடிவு: தென்னிந்தியா. அதற்கு மாவின் மூக்கைப் பார்த்தாலே போதும். ‘சொந்தம்’ என்று காட்டிய பட்டியலில் இருந்தவர்கள் எல்லாம் டர்பன்காரர்கள். அத்தை மகன், மாமன் மகள் என்று தலைமுறை தலைமுறையாகச் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்ட சமூகத்தில் தூரத்துச் சொந்தம்கூடக் கிட்டத்துச் சொந்தம்போலத் தெரியும். கலசப்பாக்கத்தில் யார் காசு கொடுத்து எச்சில் துப்பியிருக்கப் போகிறார்கள்? எங்களுக்கு அது தண்டச் செலவு.

இன்னும் இரண்டு வயிற்றெரிச்சல். எல்லோரும் சேர்ந்து கட்டும் இணையக் குடும்ப மரம் ஒன்றில் தாத்தாவைச் சேர்த்தேன். யாரோ ஒரு புண்ணியவான் அவரை வேறொரு சின்னசாமியோடு ஒட்டிவிட, ஒரே ராத்திரியில் எங்களுக்குப் பதினோரு புதுப் பெரியப்பாக்கள் முளைத்தார்கள். பிரித்தெடுக்க இரண்டு மாதம் ஆயிற்று. அப்புறம், ஓர் அலுவலகத்தில் சான்றிதழ் நகலுக்கு மனுப் போட்டு ஒரு வருடத்துக்கு மேல் நடந்தேன். ஒவ்வொரு முறையும் வேறொரு சன்னல். கடைசி வரை கோப்பு கிடைக்கவில்லை. அதனால் சொல்கிறேன், வீட்டுப் பெட்டியில் இருக்கும் காகிதத்தை இன்றைக்கே படமெடுத்துவிடுங்கள்.

உதவி வாங்கிக்கொண்டே இருந்தால் போதுமா என்று ஆசிரியரிடம் கேட்டபோது அவர் என்னைக் கல்லறைத் தோட்டத்துக்கு அனுப்பினார். இங்கே பழைய தமிழ்க் கல்லறைக் கற்களில் தமிழில் வெட்டியிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாது. இப்போது மாதத்துக்கு ஏழெட்டுப் படங்கள் எனக்கு வருகின்றன. ஒரு கல்லில் “காளயுக்தி வருஷம் ஐப்பசி மாதம்” என்று மட்டும் இருந்தது, ஆங்கிலத் தேதி இல்லை. அறுபது வருடக் கணக்கில் எண்ணினால் 1918 அக்டோபர், நவம்பர். ஸ்பானிஷ் காய்ச்சல் இந்த நாட்டை வாரிக்கொண்டு போன நேரம். அதே மாதத்துக் கற்கள் பக்கத்தில் இன்னும் இரண்டு. அந்தக் குடும்பம் மூன்று பேரையும் ஏதோ விபத்தில் போனவர்கள் என்றே நினைத்திருந்தது.

பதிலுக்கு அவர்கள் எனக்காகப் பட்டியல்களைப் புரட்டுகிறார்கள். பாட்டியைத் தேடுகிறோம். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்பது அன்றைய விதி, ஆகவே பெண்கள் குறைவு, தேடுவது எளிது என்று நினைத்தால் தப்பு. பெரியப்பா சான்றிதழில் பாட்டியின் எண் இருந்த ஓரம் வெள்ளத்தில் கரைந்துவிட்டது.

போன தை மாதம் என் தம்பி வேலூரிலிருந்து பைக்கில் கலசப்பாக்கம் போனான். டீக்கடையில் ஒரு பெரியவரிடம் பட்டியல் படத்தைக் காட்டினான். அவர் தாத்தாவின் தகப்பன் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, “எந்தத் தெரு?” என்று கேட்டாராம். பட்டியலில் தெருவுக்குக் கட்டம் இல்லை. தம்பி செய்யாற்றங்கரையில் நின்று ஒரு வீடியோ எடுத்து அனுப்பினான். அகலமான மணல், ஓரத்தில் கருவேலம், தூரத்தில் இரண்டு மாடுகள்.

மா அதை மூன்று முறை போடச் சொல்லிப் பார்த்தார்.

“ஆறுன்னியே, தண்ணி எங்கே?” என்றார்.