மோனோட்யூபா, ட்வின்ட்யூபா? பிக்கப்புக்கு எந்த ஷாக் அப்சார்பர்

பிக்கப்பை ஆஃப்ரோடுக்கு, அதாவது சாலையில்லாத கரடுமுரடான பாதைக்குத் தயார்செய்ய நினைத்ததும் எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை இன்ச் தூக்கலாம் என்றுதான். உயரம் ஸ்பிரிங்கின் வேலை. குழியில் இறங்கி ஏறியபின் வண்டி துள்ளிக்கொண்டே போகுமா, உடனே அடங்குமா என்பது ஷாக் அப்சார்பரின் கையில்.

ஷாக்கில் முக்கியமாக ட்வின்ட்யூப், மோனோட்யூப் என்று இரண்டு வகை. ட்வின்ட்யூபில் குழாய்க்குள் குழாய். பிஸ்டன் உள்குழாயில் ஓடும், வெளிக்குழாயில் மீதி ஆயில். சாதாரண ஓட்டத்துக்கு இது சரி, விலையும் குறைவு. ஆனால் கரடுமுரடான பாதையில் வேகமாக வெகுநேரம் ஓட்டினால் ஆயில் சூடாகி, மேலே இருக்கும் வாயுவோடு கலந்து நுரைத்துவிடும், அப்புறம் பின்பக்கம் துள்ள ஆரம்பிக்கும்.

மோனோட்யூபில் ஒரே குழாய். உள்ளே மிதக்கும் பிஸ்டன் ஒன்று ஆயிலையும் உயர் அழுத்த நைட்ரஜனையும் பிரித்து வைப்பதால் நுரைக்கும் பேச்சே அநேகமாக இல்லை, ஆயிலுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே ஒரே சுவர் என்பதால் சூடும் சீக்கிரம் தணியும். கெடுதல் அந்தச் சுவரில்தான்: கல் பட்டு நசுங்கினால் பிஸ்டன் அங்கேயே சிக்கிக்கொள்ளும். ட்வின்ட்யூபில் வெளிக்குழாய் லேசாக நசுங்கினாலும் உள்குழாய் தப்பிவிடும்.

அதனால் மணல், நீண்ட மண்சாலை, வேகம் என்றால் யோசிக்காமல் மோனோட்யூப். பாறைகளுக்கு நடுவே மெதுவாக ஊர்வதுதான் பெரும்பாலும் என்றால் நான் நல்ல ட்வின்ட்யூபைத்தான் சொல்வேன். எதை வாங்கினாலும் நீளத்தைப் பாருங்கள். உயர்த்திய வண்டியில் பழைய நீள ஷாக்கை மாட்டினால் சக்கரம் முழுதாகத் தொங்குவதற்குள் அது இழுபட்டு முட்டிவிடும்.