அனகி அடுப்பும் ஈர விறகும்: நான்கு மழைக்கால அனுபவம்

2022ஆம் ஆண்டு இலங்கையில் ஏற்பட்ட எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது, வெற்றுச் சிலிண்டரோடு வரிசையில் நின்று களைத்துத் திரும்பிய ஒரு மாலையில், மலைநகரான ஹட்டனில் அனகி அடுப்பொன்றை வாங்கி வந்தேன். 1980களில் இலங்கையில் பரவத் தொடங்கிய இந்த அடுப்பு, ஒரே துண்டாகச் சுட்ட களிமண்ணால் ஆனது. முன்வாயில் எரியும் சுவாலை முதற் கண்ணில் உள்ள பானையைச் சூடாக்கிவிட்டு, உள்வழியாக இரண்டாவது கண்ணுக்குச் செல்வதால், சோறு வேகும் நேரத்தில் பக்கத்திலே பருப்பும் ஏறக்குறைய வெந்துவிடுகிறது.

அடுப்பைச் சுற்றிக் களிமண்ணும் சாணமும் குழைத்துப் பூசினோம். எங்கள் பக்கத்துக் குளிரில் பூச்சுக் காய மூன்று வாரங்களுக்கு மேல் பிடித்தது. அவசரப்பட்டுப் பெருநெருப்பு மூட்டினால் வெடிப்பு விழும் என்பதால், முதல் சில நாட்கள் சுள்ளிகளை மட்டுமே எரித்தோம்.

நெருப்புப் பற்றவைக்க, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் மலையிலிருந்து வரும் மிலாறுக்கு (வெட்டிய தேயிலைக் கிளைகளுக்கு) நிகரானது எதுவுமில்லை என்பது என் கருத்து. காய்ந்த மிலாறு கையில் 'டக்'கென்று முறிய வேண்டும். வளைந்து நார் தெரிந்தால் அது இன்னும் ஈரம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு கட்டைகளை வைத்து, நடுவில் ஒரு கைப்பிடி மிலாறைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அடியில் கசக்கிய தாளைச் செருகிப் பற்றவைக்கிறேன். அது பிடிக்கும் வரை இரண்டாவது கண்ணில் பானை ஏற்றுவதில்லை, ஏனென்றால் அந்தக் கண் வழியே சூடான காற்று வெளியேறினால்தான் முன்வாயால் புதுக் காற்று உள்ளே வருகிறது. ஜன்னலும் திறந்திருக்க வேண்டும்.

விறகு காய்ந்திருக்க வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டது முதலாண்டு ஆடி மழையில். நனைந்த சவுக்குக் கட்டை பிடிக்காமல் புகைந்துகொண்டே இருந்தது; நெருப்பு அணைந்துவிட்டதாக எண்ணிப் போத்தலிலிருந்த மண்ணெண்ணெயை ஊற்றினேன். சாம்பலுக்கடியில் தணல் கிடந்திருக்கிறது. வெண்மையான ஆவி ஒன்று மெதுவாக எழுந்தது. நான் குனிந்து பார்க்கும்போதே 'பக்'கென்று பிடித்து, என் ஒரு பக்கப் புருவத்தைப் பொசுக்கிவிட்டது. தணலின் சூட்டில் எண்ணெய் ஆவியாகி அடுப்புக்குள் தேங்கியதுதான் காரணம். அம்மா ஒன்றும் சொல்லாமல் போத்தலை எடுத்துக்கொண்டு போய் வெளிக் கொட்டகையில் வைத்தார். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. இப்போது மறுநாள் விறகை முதல்நாளே அடுப்புக்கு மேலுள்ள கம்பித் தட்டில் அடுக்குகிறோம், ஆனால் சுவாலை எட்டாத உயரத்தில்.

குறைகளும் உண்டு. புகைபோக்கி இல்லாததால் புகை குறைந்ததே தவிரத் தீரவில்லை. குளிருக்காகத் தணலைச் சட்டியில் அள்ளி அடைத்த அறைக்குள் வைத்துத் தூங்கும் வழக்கத்தையும் நிறுத்திவிட்டோம். தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. சாம்பலை மூடியுள்ள தகர வாளியில் ஒரு நாள் ஆறவிட்ட பிறகே மரக்கறிப் பாத்திக்குக் கொண்டுபோகிறோம்.

மூன்றாம் ஆண்டில், விறகு தள்ளித் தள்ளி முன்வாயின் விளிம்பு ஒரு விரல் நீளத்துக்கு வெடித்தது. களிமண் பூசிச் சமாளிக்கிறேன். உள்வழி இன்னும் உடையவில்லை.