மேப்பிள் நெக்கில் எண்ணெய்ப் பூச்சு: நான்கு ஆண்டு வாசித்த பிறகு

என் எலக்ட்ரிக் கிட்டாரின் நெக், அதாவது இடது கை பிடித்து ஓடும் நீண்ட கழுத்துப் பகுதி, மேப்பிள் மரத்தாலானது. வாங்கியபோது கண்ணாடி மாதிரி மின்னியது. பத்து நிமிடம் வாசித்தால் உள்ளங்கை வியர்க்கும், கட்டைவிரல் ஒட்ட ஆரம்பிக்கும். நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளில், முதலாவதிலிருந்து பன்னிரண்டாவதுக்குத் தாவும்போது கை நடுவழியில் பிடித்துக்கொள்ளும். என் விரல்களுக்குத்தான் பயிற்சி போதவில்லை என்று ஓராண்டு நினைத்திருந்தேன்.

பிரச்சினை பூச்சில் இருந்தது. பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பூச்சு, தடிமனாக, அதுவும் நன்றாக மெருகேற்றியது. அவ்வளவு வழவழப்பான பரப்பில் ஈரத் தோல் முழுதாகப் படிந்து ஒட்டிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கீறல்கள் இருந்தால் தோல் படும் இடம் குறையும், கை ஓடும். பளபளப்பு வேறு, கை வழுக்கிப் போவது வேறு.

முதலில் சின்ன வேலையாகத்தான் செய்தேன். நெக்கைத் தனியே கழற்றி, 0000 என்ற மிக மெல்லிய ரக ஸ்டீல் வூலால் (இரும்பு நார்) பின்பக்கத்தை நீளவாக்கில் பத்து நிமிடம் தேய்த்தேன். கழற்றாமல் தேய்த்தால் இரும்புத் தூள், கம்பிகளின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்பின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், எடுக்கவே முடியாது. அன்றே வித்தியாசம் தெரிந்தது. ஆனால் மூன்று நான்கு மாதத்தில் கட்டைவிரல் ஓடும் இடம் மறுபடி மின்னியது. கையே தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிவிடுகிறது. இருந்தாலும் யார் கேட்டாலும் முதலில் இதைச் செய்து பாருங்கள் என்றுதான் சொல்வேன். பலருக்கு இதுவே போதும்.

எனக்குப் போதவில்லை. பின்பக்கப் பூச்சை முழுதாக எடுத்துவிட முடிவு செய்தேன். ஃப்ரெட்டுகள் பதித்த முன்பக்கமான ஃப்ரெட்போர்டின் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, 220, 320, 400 என்று எண் கூடக்கூட நைசாகும் உப்புத்தாள்களை மாற்றி மாற்றி இரண்டு நாள் தேய்த்தேன். உடலோடு திருகிப் பொருத்தும் அடிப்பகுதியைத் தொடவே இல்லை. அங்கே கொஞ்சம் குறைந்தாலும் பொருத்தம் தளர்ந்துவிடும். ஃப்ரெட்போர்டிலும் பழைய பூச்சை அப்படியே விட்டுவிட்டேன். அப்புறம் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தேன். காய்ந்ததும் மர நார் மெல்லச் சிலிர்த்து நிற்கும். அதை மறுபடி 400 வைத்து நீவினேன். இந்த ஒரு படியைத் தாண்டிப் போனால் முதல் பூச்சே சொரசொரப்பாகிவிடும்.

வெறும் மேப்பிளைத் தடவிய அந்த இரவு, இப்படியே விட்டுவிடலாமா என்று இருந்தது. அவ்வளவு சுகம். ஆனால் பூச்சில்லாத மேப்பிள் வியர்வையையும் அழுக்கையும் குடித்துச் சாம்பல் நிறமாகும், காற்றின் ஈரத்துக்கு நெக் வளையும்.

நான் பூசியது ட்ரூ-ஆயில். துப்பாக்கிக் கட்டைக்கென்று வந்த, ஆளிவிதை எண்ணெய் கலந்த பூச்சு. விரல் நுனியில் சில சொட்டு எடுத்துத் தேய்த்துப் பரப்பி, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். மூன்றாவது பூச்சில் அவசரப்பட்டு அதிகமாக விட்டேன். இரண்டு நாளாகியும் பிசுபிசுப்பு போகவில்லை. அதைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி பூசினேன். ஒவ்வொன்றுக்கும் ஓர் இரவு இடைவெளி, மொத்தம் ஆறு மெல்லிய பூச்சு, பிறகு இரண்டு வாரம் தொடாமல் வைத்தேன். கடைசியில் 0000 வைத்து லேசாக ஒரு தடவல், மேலே கொஞ்சம் மெழுகு.

எண்ணெய்த் துணியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து காயும்போது சூடு வரும். துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துப் போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகே எறியுங்கள்.

சரி, நான்கு ஆண்டில் என்ன ஆனது? ஒரு நாள்கூடக் கை ஒட்டவில்லை. இரண்டு மணி நேரம் வாசித்தாலும் அதே ஓட்டம். பிடி மரம் போலவே இருக்கிறது, பிளாஸ்டிக் போல இல்லை. குறையும் உண்டு. எண்ணெய் ஈரத்தை முழுதாகத் தடுப்பதில்லை; மழைக்காலத்தில் நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதன் உள்ளே இருக்கும் உலோகக் கம்பியான டிரஸ் ராடைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்ப வேண்டியிருக்கிறது. பாலியூரித்தேன் இருந்தபோது இந்த வேலை இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை துடைத்து, லேசாகத் தேய்த்து, ஒரு பூச்சும் மெழுகும் போட வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் ஸ்டீல் வூலோடு நின்றுகொள்வது நல்லது.

பழைய நெக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1950களில் ஃபெண்டர் கம்பெனி கிட்டார்களின் நெக்குகளுக்கு நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் என்ற வேறு வகைப் பூச்சைப் பூசினார்கள். அது கைபட்டுத் தேய்ந்து மரம் தெரிவதையே பலர் தேடி வாங்குகிறார்கள். அதில் உப்புத்தாளை வைக்காதீர்கள்.

இந்த ஆண்டுப் பூச்சுக்குக் கழற்றியபோது ஐந்தாவது ஃப்ரெட்டுக்குப் பின்னால் கட்டைவிரல் அளவில் ஒரு சாம்பல் திட்டு தெரிந்தது. 400 வைத்து எடுத்திருக்கலாம். நான் அதன் மேலேயே எண்ணெய் பூசிவிட்டேன்.