துணி உலர்த்தும் அலமாரி: சில மழைக்காலங்களுக்குப் பிறகு

சென்னையில் அபார்ட்மெண்ட் வீடு, சின்ன பால்கனி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் டிசம்பர் வரை சீருடை காய்வதுதான் எங்கள் வீட்டின் பெரிய கவலை. ஃபேனுக்கு அடியில் நாற்காலி நாற்காலியாகத் துணி போட்டு அலுத்துப்போய்த்தான் இதை வாங்கினோம். அலமாரி என்பதெல்லாம் பெரிய பெயர். குழாய்ச் சட்டம், அதன் மேல் ஜிப் வைத்த துணி உறை, அடியில் ஹீட்டரோடு ஒரு ஊதுவிசிறி. 1000 வாட்.

பத்து கிலோ தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. கம்பி தாங்கும்தான். ஆனால் நெருக்கி மாட்டினால் ஓரத்துத் துணி மொறுமொறுவென்று ஆகிவிடும், நடுவில் இருக்கும் சட்டையின் அக்குள் சில்லென்றே இருக்கும். இரண்டு விரல் இடைவெளி விட்டு மாட்டினால் இரண்டு செட் சீருடை, சாக்ஸ், உள்ளாடை. எங்களுக்கு அதுதான் கணக்கு. ஜீன்ஸ் என்றால் உள்பக்கத்தை வெளியே திருப்பி, இடுப்புப் பட்டை கீழே வரும்படி தொங்கவிட வேண்டும். பெட்ஷீட்டை இதில் போடுவது வீண் வேலை.

வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது சூட்டை அல்ல, ஈரம் வெளியேறும் வழியை. உறையின் மேல்பக்கத் துவாரத்தை மூடிவிட்டு ஓட்டினால் உள்ளே ஆவிதான் சுற்றும். "என்னம்மா, துணியை இட்லி மாதிரி அவிக்கிறியா?" என்று மாமியார் கேட்டது ரொம்பச் சரி. துவாரத்தைத் திறந்து வைத்தாலும், அறை பூட்டியிருந்தால் அந்த ஈரம் சுவரில்தான் போய் ஒட்டும். ஜன்னலை ஒரு சாண் திறந்து வையுங்கள். மழைச்சாரல் அடிக்கிறதென்றால் எக்ஸாஸ்ட் ஃபேன் உள்ள அறைக்கு மாற்றிவிடலாம்.

அப்புறம் கரண்ட். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக எப்படியும் 0.7 யூனிட்டுக்குப் பக்கத்தில் செலவாகும். எந்தக் கம்பெனி ஹீட்டரும் அதைக் குறைத்துவிட முடியாது. அதனால் தண்ணீரை வாஷிங் மெஷினிலேயே பிழிந்துவிடுவதுதான் லாபம். பிழியும் சுழற்சியை நிமிடத்துக்கு 800 சுற்றிலிருந்து 1200-க்கு ஏற்றினாலே உலரும் நேரம் நன்றாகக் குறைகிறது. கூடவே ராத்திரி முழுக்கக் கொடியில் ஃபேன் காற்றில் விட்டு, காலையில் கடைசி ஈரத்துக்கு மட்டும் அலமாரி. முக்கால் மணி நேரம் போதும், முக்கால் யூனிட். இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதால், ஏசி ஓடும் மாதங்களில் இதைத் தொடுவதே இல்லை. அப்போது வெயிலே இருக்கிறது!

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மட்டும் மாட்டாதீர்கள். 1000 வாட் என்றால் நாலு ஆம்பியருக்கு மேல். நாங்கள் சுவரில் உள்ள 16 ஆம்பியர் பிளக்கில்தான் போடுகிறோம், தூங்கும்போது ஓட்டுவதில்லை. சொட்டச் சொட்ட எதையும் தொங்கவிடுவதும் இல்லை. கீழே இருப்பது ஹீட்டர். காற்று இழுக்கும் வலையில் பஞ்சு சேரும். பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தெடுக்காவிட்டால் காற்று குறைந்து, சூடு ஏறி, தானாக நின்றுவிடுகிறது.

ஹீட்டர் இன்றுவரை தொல்லை கொடுக்கவில்லை. ஜிப்தான் இரண்டாவது மழைக்காலத்திலேயே பல்லிளித்தது. தெருமுனை டெய்லர் கெட்டியான ஜிப் வைத்துத் தைத்துக் கொடுத்தார். அடுத்தது வாங்கினால், உறை தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் பணத்தை எடுப்பேன்.